கண்டதை எழுதுங்க: வெளிநாட்டு கெம்பஸுக்கு அப்ளை பண்ற பிள்ளைக்கு ரெக்கமண்டேசன் லெட்டர் எழுதுற விதம்

"நீயே ஒண்டை டைப் பண்ணிக்கொண்டு வா, நான் சைன் வச்சு சீல் அடிச்சுத் தாறன்." இந்த வசனத்தை நானும் கனகாலம் சொல்லியிருக்கிறன். திருகோணமலையில ஏஎல் (உயர்தர) பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கத் தொடங்கி பதினேழு வருசம், அதில முதல் எட்டு ஒம்பது வருசம் நான் சைன் வச்ச லெட்டர்கள்ல பாதிக்கு மேல பிள்ளையளே எழுதினது, இல்லாட்டி அவங்கட மாமாவோ டியூசன் சேரோ ஏஜென்சிக்காரரோ எழுதிக் குடுத்தது. அது பிழையெண்டே எனக்குப் படேல்ல, வேலை தலைக்கு மேல கிடக்கு, பிள்ளைக்கு உதவி தானே எண்டு நினைச்சன்.

பிறகு ஒரு வருசம் ஒரே கிழமையில ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் டொக்டர்ட மகன், வீட்டில இங்கிலீஸ் கதைக்கிற ஆக்கள், அவர் கொண்டு வந்த லெட்டர் ஒண்டரைப் பக்கம், வாசிக்கவே வடிவா இருந்தது. மற்றது மூதூர்ப் பக்கமிருந்து வாற ஒரு பிள்ளை, தகப்பன் இல்ல, அவ கொண்டு வந்தது நாலு வரி, ஸ்கூல் விட்டுப் போகேக்க குடுக்கிற நற்சான்றிதழைப் பாத்து எழுதினது. ரெண்டிலயும் சைன் வச்சுக் குடுத்தன். ராத்திரி படுத்த பிறகு தான் உறைச்சது, இந்த ரெண்டு பேர்ல எனக்கு வடிவாத் தெரிஞ்ச பிள்ளை ரெண்டாவது ஆள், அவவைப் பத்திச் சொல்ல என்னட்ட எவ்வளவோ இருந்தது, நான் ஒரு வரியும் எழுதேல்ல. காலமை போய்க் கேட்டா லெட்டர் போயிட்டு. அவ பிறகு இஞ்சயே கெம்பஸ் போய் இப்ப ஒரு ஸ்கூல்ல படிப்பிக்கிறா, நல்லா இருக்கிறா, ஆனா அந்த நாலு வரி இண்டைக்கும் எனக்கு முள்ளு தான். அதுக்குப் பிறகு நான் இந்த வேலைய எப்பிடிச் செய்யிறன் எண்டதைத் தான் இதில எழுதுறன், முக்கியமா டீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும், கடைசியில பிள்ளையளுக்கும் கொஞ்சம்.

சிபாரிசு எண்ட சொல்லு

எங்கட ஊரில சிபாரிசுக் கடிதம் எண்டா என்ன விளங்குது? எம்பியிட்டப் போய் வேலைக்கு வாங்கிற துண்டு. ஆருக்கு ஆரைத் தெரியும் எண்டு காட்டிற கடிதம். அந்த நினைப்போட தான் தாய் தகப்பனும் வாறாங்க, "டீச்சர், பெரிய ஆக்கள்ட்ட வாங்கினா நல்லமாம், கச்சேரியில பெரியவர்ட்ட கேக்கட்டா, ஹொஸ்பிட்டல்ல ஸ்பெசலிஸ்ட் ஒருத்தரைத் தெரியும் அவர்ட்ட கேக்கட்டா" எண்டு. தேவையே இல்ல. அமெரிக்காவில இருந்து வாசிக்கிற ஆளுக்கு எங்கட பெரியவங்க ஒருத்தரையும் தெரியாது, பிள்ளையைத் தெரியாத பெரிய மனுசன் எழுதின லெட்டர்ல பதவி இருக்கும், பிள்ளை இருக்காது. அவங்க எங்களிட்ட கேக்கிறது சாட்சி. கோட்டில சாட்சிக் கூட்டில ஏறின ஆள் "அவர் நல்லவர் ஐயா" எண்டு சொன்னா, "அதை விடும், நீர் என்ன கண்டீர்" எண்டு தானே கேப்பாங்க. இந்த ஒரு கேள்விய மேசையில எழுதி ஒட்டி வச்சுக்கொண்டு இருந்து எழுதினாலே லெட்டர் முக்கால்வாசி சரி வந்திடும்.

எங்களுக்கு இது பழக்கமில்லாததுக்கு ஒரு காரணம் இருக்கு. இலங்கையில அரச கெம்பஸ் போக ஒருத்தரும் லெட்டர் கேக்கிறதில்ல, ஏஎல் புள்ளியில இருந்து கணிக்கிற இசற் ஸ்கோர் தான். கன கோர்ஸுக்கு 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அதில திருகோணமலையும் ஒண்டு. குணம், ஆள் எப்பிடி, வீட்டில என்ன நிலைமை, ஒண்டுக்கும் அங்க இடமில்ல, நம்பர் மட்டும் தான். அதில ஒரு நேர்மை இருக்கெண்டதை நான் மறுக்கேல்ல. ஆனா வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணேக்க கதை வேற. அமெரிக்காவில கன கெம்பஸுகள் கொமன் அப் எண்ட ஒரே இணையத்தளத்தால தான் அப்ளிகேசன் எடுக்கிறாங்க, அதில படிப்பிச்ச டீச்சர்ட லெட்டரும் ஸ்கூல் கவுன்சிலர்ட லெட்டரும் கேக்கும், எங்கட ஸ்கூல்கள்ல கவுன்சிலர் எண்ட இடத்தில அதிபரோ பகுதித் தலைவரோ தான் நிரப்ப வேண்டி வரும். இங்கிலாந்துக்கு யூகாஸ் எண்ட பொது விண்ணப்ப அமைப்பு ஊடாகப் போறதெண்டா ஒரு ரெஃபரன்ஸ் தான், 2024ம் ஆண்டு அனுமதியில இருந்து அதையும் மூண்டு பகுதியாப் பிரிச்சிட்டாங்க, ஸ்கூலைப் பத்தி ஒண்டு, பிள்ளையின்ட படிப்பைப் பாதிச்ச விசேட சூழ்நிலை ஏதும் இருந்தா அது ஒண்டு, பிள்ளையையும் அவர் படிக்கப் போற கோர்ஸையும் பத்தி வேற சொல்ல இருந்தா அது ஒண்டு. கலிபோர்னியாவில யூசி எண்டு சொல்ற பேர்க்லி, லொஸ் ஏஞ்சலிஸ் மாதிரியான கெம்பஸுகள் பொதுவா லெட்டரே கேக்கிறதில்ல, ஆகவே பிள்ளை எங்க எங்க போடுறார் எண்டதை முதல்ல கேட்டு வையுங்க, தேவையில்லாத இடத்துக்கு இருந்து எழுதிக் கொட்ட வேண்டாம்.

குணத்தை எழுதுறது எண்டது ஆபத்தான வேலையும் தான், அதைத் தெரிஞ்சு வச்சுக்கொண்டு தான் தொடங்கோணும். 1922ல ஹாவர்ட் யூனிவர்சிட்டியின்ட தலைவரா இருந்த லோவெல், யூதப் பிள்ளையள்ட தொகைக்கு ஒரு எல்லை போடப் பாத்தார். எதிர்ப்பு வந்து அது நேரா நடக்கேல்ல. பிறகு 1926 அளவில சோதினைப் புள்ளியோட "குணம், ஆளுமை" எண்டதையும் பெரிசாப் பாக்கத் தொடங்கினாங்க, யூதப் பிள்ளையள்ட தொகை தன்னால குறைஞ்சது. குணம் எண்ட சொல்லை வச்சுக் கதவைச் சாத்தலாம் எண்டதுக்கு அது சாட்சி. இப்பவும் விட்டபாடில்ல, 2018ல அதே ஹாவர்ட் மேல நடந்த வழக்கில, ஆசிய அமெரிக்கப் பிள்ளையளுக்கு "பேர்சனல் ரேட்டிங்" எண்ட, ஆள் எப்பிடி எண்டதுக்குப் போடுற புள்ளி சராசரியில குறைவா விழுந்திருந்தது வெளிய வந்தது, அந்தப் புள்ளிக்குப் பாக்கிற விசயங்கள்ல டீச்சர்மார்ட லெட்டரும் ஒண்டு. அப்ப நாங்க "அமைதியான பிள்ளை, சொன்னதைச் செய்வா" எண்டு பாசத்தில எழுதிற வரி அங்க போய் என்னவா வாசிக்கப்படும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

கொப்பி

என்ட முறையில எல்லாத்துக்கும் மூலம் ஒரு சீஆர் கொப்பி, தடிச்ச அட்டைக் கொப்பி. வருசத் தொடக்கத்தில ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவன், வகுப்பில முப்பத்தெட்டுப் பேர் எண்டா முப்பத்தெட்டுப் பக்கம். வெளிநாடு போற எண்ணம் இருக்கோ இல்லையோ எல்லாருக்கும். ஏதும் கண்ணில பட்டா அண்டைக்கே திகதி போட்டு ஒரு வரி, ரெண்டு வரி. "கெட்டிக்காரன்" எண்டு எழுதக் கூடாது, நடந்தது மட்டும். "வைகாசி 14, பீக்கர் உடைஞ்சது, ஆரும் பாக்கேல்ல, தானா வந்து சொன்னார்." "ஆடி 3, பின் வாங்கில இருக்கிற பிள்ளைக்கு மோல் கணக்கைத் தேங்காயை வச்சு விளங்கப்படுத்தினா, என்னை விட நல்லா." இவ்வளவு தான், ஒரு கிழமைக்குப் பத்து நிமிசம் கூடச் செல்லாது.

இதில நியாயம் எங்க வருது எண்டா, ஒவ்வொரு தவணை முடிவிலயும் கொப்பியைப் புரட்டி வெறுமையாக் கிடக்கிற பக்கத்தைத் தேடுவன். முதல் வருசம் செய்யேக்க எனக்கே வெக்கமாப் போயிட்டு. எழுதி நிறைஞ்ச பக்கம் எல்லாம் முன் வாங்குப் பிள்ளையள், கைய உயர்த்திற பிள்ளையள், டவுன் பிள்ளையள், என்ட வீட்டுக்கு டியூசனுக்கு வாறவங்க. வெறுமையாக் கிடந்தது பஸ்ஸில வாற பிள்ளையள், மூதூர், கிண்ணியா, சம்பூர் பக்கம், 1.30க்கு மணி அடிச்சா பஸ்ஸைப் பிடிக்க ஓடுற ஆக்கள், ஸ்கூல் முடிஞ்சு நிண்டு என்னோட கதைக்க அவங்களுக்கு எங்க நேரம். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் பிள்ளை எண்ட வித்தியாசமும் அந்தக் கொப்பியில தெரிஞ்சது, அதையும் மறைக்கேல்ல, நான் மனசறிஞ்சு செய்யேல்ல, ஆனா பக்கம் பக்கமா அது தெரிஞ்சது. அடுத்த தவணை அந்த வெறுமைப் பக்கத்துப் பிள்ளையள்ட மேசைக்குக் கிட்டப் போய் நிக்கப் பழகினன். பிள்ளையைக் கவனிக்காமலே "சொல்லும்படியா ஒண்டும் இல்ல" எண்டு எழுதிறது தான் இந்த வேலையில ஆகப் பெரிய அநியாயம்.

ஒரே தாள், எல்லாருக்கும்

லெட்டர் கேட்டு வாற பிள்ளைக்கு நான் ஒரு தாள் குடுப்பன். ஆரா இருந்தாலும் அதே தாள், அதே கேள்வி. தமிழ்ல எழுதச் சொல்லுவன், இங்கிலீஸ்ல எழுதச் சொன்னா திரும்பவும் டவுன் பிள்ளை தான் வெல்லும். கேள்வி எல்லாம் சின்னது. ஸ்கூல் விட்டு வீட்ட போய் படுக்கும் வரைக்கும் என்ன செய்யிறீர், ஒரு நாளை மணித்தியாலக் கணக்கா எழுதும். நீர் பிழை விட்ட ஒரு இடம், பிறகு என்ன செய்தீர். முதல் ஒரு மாதிரி நினைச்சு பிறகு மனம் மாறின விசயம் ஒண்டு. நீர் ஒரு கிழமை ஸ்கூலுக்கு வரேல்ல எண்டா ஆர் தேடுவாங்க, ஏன். என்ட வகுப்பில நடந்த எந்தச் சம்பவத்தை நான் மறக்கக் கூடாது எண்டு நினைக்கிறீர். கடைசியா, எதை எழுத வேண்டாம்.

அந்த முதல் கேள்வி தான் பொன். உப்புவெளிப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன், ரெஜிஸ்டரைப் பாத்தா பிந்தி வந்த நாள் கன நாள், வகுப்பில ரெண்டாவது பாடத்தில தூங்கி விழுவான், நான் பொறுப்பில்லாத பெடியன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். தாளில எழுதியிருக்கிறான், விடிய மூண்டரைக்கு எழும்பி தகப்பனோட கரைவலை இழுக்கப் போறது, ஆறரைக்கு வீடு, ஏழு மணிக்குச் சைக்கிள். ஒரு குறையும் சொல்லேல்ல, மணிக்கணக்கைத் தான் எழுதியிருந்தான், நான் கேட்டபடி. அண்டைக்கு அந்தத் தாளை வச்சுக்கொண்டு கனநேரம் இருந்தன். ரெண்டு வருசமா என்ட கண்ணுக்கு முன்னால இருந்த பெடியன். அமெரிக்க கெம்பஸுகள் கிளப், டிபேட், வொலன்டியர் எண்டு கேக்கிற இடத்தில இவனுக்கு எழுத ஒண்டும் இல்லை எண்டு தான் அவனே நினைச்சிருந்தான், விடிய நாலு மணிக்குக் கடற்கரையில நிக்கிறதும் ஒரு பொறுப்பு, அதையும் எழுதலாம் எண்டு ஒருத்தரும் அவனுக்குச் சொல்லேல்ல.

தாளோட நிக்காம வேற ஆக்களையும் கேளுங்க. லாப் உதவியாளர், லைப்ரரியில இருக்கிற அக்கா, விளையாட்டு சேர். டீச்சருக்கு முன்னால எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளை தான், லாப் உதவியாளருக்குத் தான் தெரியும் ஆர் கழுவி வச்சிட்டுப் போறது, ஆர் அப்பிடியே போட்டுட்டுப் போறது எண்டு.

எழுத இருக்கேக்க

மூதூர்ப் பிள்ளைக்கு நான் சைன் வச்ச லெட்டர் இப்பிடி இருந்தது: "இவர் ஒழுக்கமும் பணிவும் கடின உழைப்பும் மிக்க மாணவி. ஆசிரியர்களுக்கு மரியாதை அளிப்பவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." இதில பேரை மாத்தினா இலங்கையில இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் குடுக்கலாம்.

நான் எழுதியிருக்க வேண்டியது இது. தரம் 13, நியமிப்பு செய்முறை (அளவி எண்ட, கீழ திருகு வச்ச கண்ணாடிக் குழாயால கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு அளக்கிறது), ஒரே கரைசல், அஞ்சு பேர், அஞ்சு அளவி. நாலு பேருக்கு வாசிப்பு 24.80 மில்லிலீற்றர் அல்லது அதுக்குக் கிட்ட, இவவுக்கு மட்டும் 25.20. மணி அடிக்க பத்து நிமிசம் இல்ல. குறூப்பில எல்லாரும் "24.80 எண்டு போடு, டீச்சர் பாக்க மாட்டா" எண்டு சொன்னது எனக்கே கேட்டது. அவ 25.20 எண்டே எழுதினா, பக்கத்தில பென்சிலால "ஏன் எண்டு தெரியேல்ல" எண்டு ஒரு குறிப்பு. அடுத்த நாள் இன்டவல்ல சாப்பிடாம வந்து அதே அளவியைக் கேட்டு வாங்கி, தண்ணி நிரப்பித் திறந்து மூடிப் பாத்துக்கொண்டு நிண்டா. திருகுக்குக் கீழ முனையில ஒரு காத்துக் குமிழ். நியமிப்பு நடுவில அந்தக் குமிழ் வெளியேற, அது நிண்ட இடத்தைக் கரைசல் நிரப்பும், குடுவைக்குள்ள போகாத கரைசலும் கணக்கில விழும், அதால தான் வாசிப்பு கூடினது. அதைக் கொப்பியில எழுதினா, பழைய வாசிப்பை வெட்டேல்ல. பிறகு தரம் 12 பிள்ளையள் செய்முறைக்கு வரேக்க முதல் குமிழைப் போக்கிறதை அவ தான் காட்டிக் குடுத்தா, நான் சொல்லிச் செய்யேல்ல.

இதுக்குள்ள நேர்மை எண்ட சொல்லு எங்கயும் இல்ல. விடாமுயற்சி எண்ட சொல்லும் இல்ல. வாசிக்கிற ஆள் தானாவே அதைப் பிடிச்சுக்கொள்ளுவார், நீங்க பேர் வச்சுக் குடுக்கத் தேவையில்ல. ஒரு லெட்டருக்கு இப்பிடி ஒரு சம்பவம், கூடினா ரெண்டு, அதை முழுசாச் சொல்லுங்க. அஞ்சு நல்ல குணத்தை வரிசையா அடுக்கிறதை விட இது பத்து மடங்கு பெறுமதி.

சம்பவத்துக்கு முதல் நீங்க ஆர், எத்தனை வருசம் படிப்பிக்கிறீங்க, இந்தப் பிள்ளைய எந்தப் பாடத்தில எவ்வளவு காலம், வகுப்பில எத்தனை பேர், ரெண்டு மூண்டு வரியில முடியுங்க. பிறகு சூழ்நிலை. அங்க இருந்து வாசிக்கிறவருக்கு திருகோணமலை எங்க இருக்கெண்டே தெரியாது எண்டு நினைச்சு எழுதுங்க. 2022ல பொருளாதார நெருக்கடிக் காலத்தில ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனது, எண்ணெய் இல்லாம பஸ் ஓடேல்ல, அந்த வருச ஏஎல் 2023 ஜனவரி 23ம் திகதி தான் தொடங்கினது, இதெல்லாம் அவருக்குத் தெரிய ஞாயமில்ல. பிள்ளையின்ட அப்ளிகேசன்ல ஒரு வருசம் இடைவெளி கிடந்தா சோம்பல்ல நிண்டிட்டார் எண்டு நினைப்பார். அது பிள்ளையின்ட பிழை இல்ல எண்டதை எழுதிறது உங்கட கடமை, யூகாஸ்ல அந்த ரெண்டாவது பகுதி இதுக்குத் தான் இருக்கு.

ஆனா ஒண்டு, இதை நான் அழுத்திச் சொல்லுறன், பிள்ளையின்ட கஷ்டத்தை வித்து சீட் வாங்காதீங்க. யுத்தம், சுனாமி, இடம்பெயர்வு, தகப்பன் காணாமல் போனது, இதெல்லாம் எங்கட ஊரில வீட்டுக்கு வீடு இருக்கு, அதை எழுதினா மனம் இரங்குவாங்க எண்டு சில பேர் பிள்ளையைக் கேக்காமலே எழுதிப் போடுறாங்க. அது அந்தப் பிள்ளையின்ட வீட்டுக் கதை, உங்கட கதை இல்ல. தாளில கடைசிக் கேள்வி அதுக்காகத் தான். பிள்ளை ஓம் எண்டு சொன்னா எழுதுங்க, எழுதினாலும் என்ன நடந்தது எண்டதுக்கு ஒரு வரி, அதுக்குள்ள பிள்ளை என்ன செய்தது எண்டதுக்கு நாலு வரி.

குறை ஒண்டையும் எழுதலாம், எழுதினா மற்றதையும் நம்புவாங்க. குற்றப்பத்திரிகை மாதிரி இல்ல, பிள்ளை எதில வளந்து கொண்டிருக்கு எண்ட மாதிரி. கரைவலைப் பெடியனுக்கு நான் எழுதினது, "எழுத்தில விளக்கம் குறைவு, விடையைக் கண்டதும் பேனையை வச்சிடுவான், இந்த வருசம் தான் ஏன் எண்டதையும் எழுதத் தொடங்கியிருக்கிறான்." அதை நான் அவனிட்ட முதலே சொல்லியும் இருக்கிறன்.

சொல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பாகுபாடு

2003ல ட்ரிக்ஸ், ப்சென்கா எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் அமெரிக்க மெடிக்கல் கொலிஜ் ஒண்டுக்கு வேலைக்கு எடுக்கப்பட்ட ஆக்களுக்காக வந்த 312 ரெக்கமண்டேசன் லெட்டர்களை எடுத்துப் பாத்தாங்க. பொம்பிளையளுக்கு எழுதினது சராசரியில கட்டை, சந்தேகத்தைக் கிளப்பிற வரியள் கூட, "கடுமையா உழைப்பார்" மாதிரியான சொல்லும் கூட. ஆம்பிளையளுக்கு அவங்கட ஆராய்ச்சியைப் பத்தின கதை கூட. எழுதினவங்க கெட்டவங்க இல்ல, அவங்களும் என்னை மாதிரி நல்லது செய்யிறம் எண்டு தான் எழுதியிருப்பாங்க.

அதை வாசிச்ச பிறகு என்ட பழைய லெட்டர் கொப்பியளை எடுத்து வச்சுப் பாத்தன். பொம்பிளைப் பிள்ளையளுக்கு அமைதி, அடக்கம், பணிவு, கடின உழைப்பு. பெடியன்களுக்குத் தலைமைத்துவம், கூர்மை, ஆர்வம், கேள்வி கேப்பார். கேள்வி கேட்டுக் கேட்டு என்னைத் திக்குமுக்காட வச்ச பொம்பிளைப் பிள்ளைக்கும் "பணிவானவர்" எண்டு எழுதியிருக்கிறன்! இப்ப எழுதி முடிச்சதும் ஒரு சோதினை வைப்பன், பொம்பிளைப் பிள்ளையின்ட லெட்டரை எடுத்து இது ஒரு பெடியனுக்கு எண்டா இதே சொல்லைப் போடுவனா எண்டு வரி வரியாக் கேப்பன். கூச்சமா இருந்தா அந்த வரி வெட்டு. பணிவு, அடக்கம், கீழ்ப்படிவு எங்களுக்குப் பெரிய மரியாதைச் சொல்லு, இங்கிலீஸ்ல போட்டு அங்க அனுப்பினா "சொந்தமா யோசிக்காத பிள்ளை" எண்டு தான் விளங்கும், அது வேற.

பெட்டியில புள்ளடி போடுறது

கொமன் அப்ல லெட்டரோட ஒரு அட்டவணையும் வரும், படிப்பு, எழுத்து, ஒழுக்கம், நேர்மை எண்டு ஒவ்வொண்டுக்கும் சராசரிக்குக் கீழ எண்டதில தொடங்கி, ஆக மேல "என்ட சேவைக் காலத்தில சந்திச்ச மிகச் சிலர்ல ஒருத்தர்" எண்டது வரைக்கும். பாசத்தில எல்லாத்துக்கும் ஆகக் கடைசிப் பெட்டியில புள்ளடி போட்டிட வேண்டாம். பதினேழு வருசத்தில நான் அந்தப் பெட்டியில புள்ளடி போட்டது நாலு பேருக்கு, அதுவும் எல்லா வரியிலயும் இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் அதைப் போட்டா உண்மையிலயே அதுக்குத் தகுதியான பிள்ளை வரேக்க உங்கட கையில சொல்லு மிஞ்சாது. தெரியாத விசயத்துக்குத் தெரியாது எண்டு போட அங்கயே இடம் இருக்கு, அதைப் போட வெக்கப்படாதீங்க.

பிள்ளை அந்த லெட்டரைப் பாக்கிற உரிமைய விட்டுக்குடுக்கிறன் எண்டு ஒரு இடத்தில சைன் வைக்கச் சொல்லியும் கேக்கும். அமெரிக்காவில 1974ல வந்த பெர்பா எண்ட சட்டத்தால மாணவருக்குத் தன்ட கோப்பைப் பாக்கிற உரிமை இருக்கு, அதை விட்டுக்குடுத்தா வாசிக்கிறவங்க லெட்டரைக் கூட நம்புவாங்க. நீயே எழுதிக் கொண்டு வா எண்ட எங்கட பழக்கம் இதுக்கு நேர் எதிர். அது களவு வேலை எண்டதை விட எனக்குப் பெரிசாப் படுறது என்னெண்டா, அதில வெல்லுறது நல்ல இங்கிலீஸும் காசும் இருக்கிற வீடு, கரைவலைப் பெடியன் தோக்கிறது அந்த இடத்தில தான்.

எங்களுக்கு இங்கிலீஸ் வராதே எண்டு கேக்கிற டீச்சர்மார் கன பேர். முதல் தமிழ்ல எழுதுங்க, ஸ்டாஃப் ரூமில சகாவுக்குச் சொல்ற மாதிரி. பிறகு இங்கிலீஸ் சேரோட இருந்து ரெண்டு பேருமா மாத்துங்க. வசனம் எளிமையா இருந்தா காணும், வாசிக்கிறவர் உங்கட இலக்கணத்துக்குப் புள்ளி போடேல்ல. சட்ஜிபிடியில பிள்ளையின்ட பேரையும் நாலு குணத்தையும் போட்டு லெட்டர் எடுக்கிறதும் இப்ப நடக்குது, செய்யாதீங்க, அது திரும்பவும் ஆருக்கும் பொருந்துற லெட்டரைத் தான் துப்பும், பிள்ளையின்ட சொந்த விசயங்களை அதுக்குள்ள போடுறதும் நல்லமில்ல. எழுதி முடிச்ச பிறகு எழுத்துப்பிழை பாக்க வேணுமெண்டா பேரை எடுத்திட்டுப் பாவியுங்க.

ஸ்கூலா சேந்து செய்யிறதெண்டா

எங்கட ஸ்டாஃப் ரூமில ஒரு சின்ன ஒழுங்கு வச்சிருக்கிறம். எழுதி முடிச்ச லெட்டரைப் பேரை மறைச்சு இன்னொரு டீச்சர்ட்ட குடுப்பம். வாசிச்சிட்டு "இந்தப் பிள்ளை ஆர் எண்டு சொல்லுங்க" எண்டு கேப்பம். ஆரெண்டு கண்டுபிடிச்சா லெட்டர் சரி. "ஆராவும் இருக்கலாம்" எண்டா திரும்ப எழுதோணும். வருசக் கடைசியில அனுப்பின எல்லாத்தையும் எடுத்து நீளத்தைப் பாப்பம், ஆருக்கு ரெண்டு பக்கம், ஆருக்கு அரைப்பக்கம், அவங்க எந்த ஊர், தாய் தகப்பன் என்ன வேலை. முதல் வருசம் அந்தக் கணக்கைப் பாத்திட்டு மூண்டு பேர் ஒண்டும் கதைக்காம இருந்தம்.

எழுத ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்க, ஆனா வெள்ளன சொல்லுங்க. பிள்ளையை எனக்கு வடிவாத் தெரியாது, இன்ன சேருக்குத் தான் உம்மை நல்லாத் தெரியும் எண்டு சொல்லி அனுப்பிறது உதவி தான். அரைமனசோட எழுதின லெட்டர் வாசிக்கிறவருக்கு முதல் வரியிலயே மணக்கும்.

பிள்ளையளுக்கு

லெட்டர் ஆகஸ்ட்டிலயே கேளுங்க. கொமன் அப் ஆகஸ்ட் 1ல புது வருசத்துக்குத் திறக்கும், அமெரிக்காவில முந்திப் போடுற அப்ளிகேசனுக்குக் கன இடத்தில நொவம்பர் 1, மற்றதுக்கு ஜனவரி முதலாம் திகதியை ஒட்டி. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், இங்கிலாந்து மெடிசின் எண்டா ஒக்டோபர் 15. ஏஎல்லும் சில வருசம் இந்தக் காலத்தை ஒட்டி வரும், டீச்சர்மாருக்கு அந்த நேரம் மேற்பார்வை, பேப்பர் திருத்தம் எண்டு மூச்சு விட நேரம் இருக்காது. உங்களுக்கு ஆகக்கூடப் புள்ளி போட்ட டீச்சரைத் தேடாம, நீங்க கஷ்டப்பட்டதைக் கண்ட டீச்சரைத் தேடுங்க, எனக்கு மற்றவங்களை விட நல்ல லெட்டர் எழுத வந்தது எப்பவும் முதல் தவணையில 35 எடுத்து கடைசியில 70க்கு வந்த பிள்ளையளுக்குத் தான். கேக்கேக்க தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கத் தேவையில்ல. இது பிச்சை இல்ல, உங்களைப் பத்தி உண்மையைச் சொல்லச் சொல்லி ஒரு சாட்சியைக் கேக்கிறீங்க.

லெட்டர் போன பிறகு ஒரு பிரதியை ஃபைல்ல போட்டு வைப்பன், அடுத்த வருசக் கணக்குக்கு. இந்தத் தவணை கொப்பியைப் புரட்டிப் பாத்தன், ஒம்பது பக்கம் வெறுமையாக் கிடக்கு. அதில நாலு பேர் மூதூர் பஸ். செவ்வாய்க்கிழமை லாப் இருக்கு, அவங்கட வாங்குக்குப் பக்கத்தில தான் நிக்கப் போறன்.